முதலாளி விழுங்கிய பட்டு

பூங்காவனக்காவுக்கு ஐம்பது வயசு ஆகப் போகிறது. எங்கம்மா அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்ததால் நானும் அக்கா என்றே கூப்பிடுகிறேன். ஆரணியில் எங்கள் தெருவில் அவங்க வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. அதனால் இதில் எழுதியிருப்பதில் முக்கால்வாசி நேராகக் கேட்டது. மீதி கால்வாசி அவங்க வீட்டுக்காரர் பரசுராமன் மாமா டீக்கடையில் நின்று சொன்னது. அதில் கொஞ்சம் உப்பு காரம் கூட இருக்கலாம், நான் பொறுப்பில்லை.

அக்காவின் வேலை இழை பிணைப்பது. தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் இழைகளுக்குப் பாவு என்று பேர். ஒரு பாவு நெய்து தீரப் போகும்போது, பழைய இழைகளின் முனையோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கணும். முடிச்சுப் போடக் கூடாது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு முறுக்கு, ஒரு உருட்டு, இரண்டு இழையும் ஒன்றாகிவிடும். இதை ஒரு தடவை செய்தால் வித்தை. நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் செய்தால் முதுகுவலி. அக்காவிடம் இப்போது இருப்பது முதுகுவலி.

எந்த வீட்டில் பாவு தீர்கிறதோ அந்த வீட்டுக்கு இவங்க போகணும். காலையில் ஒரு வீடு, மதியம் ஒரு வீடு. இவங்க முடித்தால்தான் அங்கே தறி ஓடும், அதனால் எல்லா வீட்டிலும் இவங்களிடம் ஜல்தி என்ற ஒரு வார்த்தைதான் பேசுவார்கள். "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்பவர்களுக்கு அக்கா பதில் சொல்வதில்லை. பதில் சொல்கிற நேரத்தில் நாலு இழை முறுக்கலாம் என்று ஒருமுறை எங்கம்மாவிடம் சொன்னாங்க.

இந்த வேலையால் அவங்க விரலுக்கு ஒரு வியாதி. எங்கே நூல் முனை தொங்கினாலும் பிடித்து இழுத்துவிடும். அவங்க இழுப்பதில்லை, விரல் இழுக்கிறது. ஒரு தடவை பெரணமல்லூர் பஸ்ஸில் கண்டக்டர் சட்டையில் ஒரு நூல் தொங்க, இவங்க இழுக்க, பாக்கெட் பாதி கையோடு வந்துவிட்டது. சில்லறையெல்லாம் பஸ்ஸுக்குள் உருண்டது. கண்டக்டர் கத்திக்கொண்டிருக்கும்போது இவங்க அந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டு, "தையல் சரியில்ல தம்பி, நான் இன்னா பண்ணுவேன்" என்றாங்களாம்.

அப்படிப்பட்டவங்க வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் ஹேமநாத் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். அவன் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறவன். பெட்டிக்குள் ஏதோ அழுதுகொண்டிருந்தது.

"இன்னாடா இது?"

"நாய்க்குட்டிம்மா. லேப்ராடர். ரூம் ஓனர் ஒத்துக்க மாட்டேங்கறாரு. ஒரு வாரம் வெச்சிகினு இரு, வந்து இட்டுகினு போயிடறேன்."

பரசுராமன் மாமா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "போன வருசமும் இப்டித்தான் ஒரு வாரம்னு சொல்லி ஒரு ஒடைஞ்ச பைக்க கொணாந்து நிறுத்தன. அது இன்னும் அங்கதான் கீது. அதுவாச்சும் வூட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போவல."

லேப்ராடர் என்பது விற்றவனின் கருத்து. போகப் போக மூக்கு நீண்டது, வால் சுருண்டது, காது ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. ஹேமநாத் அதற்கு ஆஸ்கர் என்று பேர் வைத்துவிட்டு அன்று மாலையே பஸ் ஏறிவிட்டான். நான் இரண்டு நாள் பார்த்தேன். குட்டி தூங்கும்போது அக்கா வேலை செய்றாங்க. எழுந்ததும் அக்கா இன்னும் அதிகமாக வேலை செய்றாங்க. அது எந்த வேலையும் செய்யாமல், பாத்திரத்தில் பால் ஆறிவிட்டது என்று கத்துகிறது. நான் அதை முதலாளி என்று கூப்பிட்டேன். ஒரு வாரத்தில் தெருவே அப்படிக் கூப்பிட்டது. "முதலாளி கட்டிலுக்கடில வாந்தி எடுத்துட்டாருடி" என்று அக்கா எங்கம்மாவிடம் சொல்லும்போது சிரிக்கக்கூட மாட்டாங்க. சிரிக்கத் தெம்பில்லை.

முதலாளி கடித்தார். அது கோபத்தில் கடிக்கிற கடி இல்லை, விளையாட்டு. ஆனால் குட்டிப் பல் ஊசி மாதிரி. அக்கா முறுக்கி முறுக்கி வீங்கிப்போன விரலைத்தான் அதற்குப் பிடிக்கும். சேத்பட்டு ரோட்டில் புதிதாகக் கால்நடை க்ளினிக் வைத்திருக்கும் காவ்யா டாக்டரிடம் அதைத் தூக்கிக்கொண்டு போனாங்க.

"எத்தனை நாள்ல கொண்டு வந்தீங்க?"

"முப்பத்தஞ்சு நாள்னு சொன்னான்ங்க."

"ரொம்ப சீக்கிரம். ரெண்டு மாசமாவது அம்மாகிட்ட இருக்கணும். கூடப் பொறந்ததுங்களக் கடிக்கும், அதுங்க வீல்னு கத்தி விளையாட்ட நிறுத்திடும். அப்பத்தான் எவ்ளோ அழுத்திக் கடிக்கலாம்னு அதுக்குப் புரியும். இது அந்தப் பாடம் படிக்காம வந்துடுச்சு."

"பள்ளிக்கூடத்துல பாதில நின்னதுங்க எங்க தெருவுல நெறைய கீதுங்க," என்று அக்கா சொன்னாங்களாம். யாரைச் சொன்னாங்க என்று நான் கேட்கவில்லை.

"இப்ப நீங்கதான் கத்தணும். கடிச்ச உடனே ஐயோன்னு சத்தமா கத்துங்க. கத்திட்டு மூஞ்சத் திருப்பிக்கினு எழுந்து போயிடுங்க. அடிக்காதீங்க."

இதுதான் அக்காவுக்குக் கஷ்டம். ஹேமநாத்தைப் பெற்றபோதுகூடக் கத்தாத ஆள். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அந்தப் பயிற்சியைக் கேட்டிருக்கிறேன். "ஐயோ," என்பாங்க, அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற குரலில். நாய் கேட்காது. மறுபடி, "ஐயோ."

உள்ளேயிருந்து மாமா: "இன்னாடி, தூக்கத்துல பேசறியா?"

"நாய்க்குப் பாடம் எடுத்துகினு கீறேன். நீ படு."

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாங்க. முதலாளி வந்து வீங்கின மூட்டிலேயே ஒரு கடி. "ஐயோஓ!" என்று ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள். சீரியல் பார்த்துக்கொண்டிருந்த வீடெல்லாம் காலி. தறிகள் நின்றன. யாரோ தீப்பிடித்துக்கொண்டது என்று குடத்தில் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால், அக்கா உட்கார்ந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்து இன்னும் கத்திக்கொண்டிருக்கிறாங்க. குட்டி காதை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறது. மெதுவாக வந்து அந்த விரலை நக்கியது. அதற்கப்புறம் விளையாட்டில் அது அழுத்திக் கடித்ததில்லை. அந்தக் கத்தலில் நாய்க்கடி கால்வாசிதான் இருந்தது என்று எங்கம்மா வீட்டுக்கு வந்து சொன்னாங்க.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். மூன்று, மூன்றரை மாதத்துக்குள் குட்டி எத்தனை முகம் பார்க்கிறதோ, எத்தனை சத்தம் கேட்கிறதோ, அதுதான் அதற்கு உலகம். அதற்குப் பிறகு புதிதாக வருவதெல்லாம் பயம். பயந்த நாய்தான் கடிக்கும். ஆனால் தடுப்பூசி முழுசாகப் போட்டு முடிக்கும்வரை தெருவில் இறக்கக் கூடாது. மற்ற நாய்கள் போன இடத்தில் குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி இருக்கும்.

"வெளியவும் காட்டணும், கீழயும் உடக் கூடாதுன்னா எப்டிங்க?"

"தூக்கிக்கினே போய்க் காட்டுங்க."

"நான் வூடு வூடா வேலைக்குப் போறவ. அங்க தூக்கினு போலாமா?"

"அதவிட நல்லது இல்ல."

அப்புறம் முதலாளி வயர்கூடையில் பவனி வந்தார். கீழே பழைய லுங்கி, மேலே ஒரு துண்டு, நடுவில் மூக்கு. தறிச்சத்தம், குழந்தைகள், அரிசி மில் லாரி, கறிக்கடை பாய், கோயில் மேளம், மொட்டை மாடியில் காயும் சேலை காற்றில் படபடப்பது, எல்லாம் பார்த்தார். முதல் வாரம் தறி அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. அடுத்த வாரம் தறி ஓடினால்தான் தூக்கம் வந்தது. எங்கள் தெரு நாய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜென்மப் பகை உண்டு. ஒன்றுக்கு சைக்கிள், ஒன்றுக்கு ஹெல்மெட், ஒன்றுக்கு நான். இதற்கு மட்டும் யாரும் பகையில்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு கூடைக்குள் எட்டிப் பார்த்து நான் உறுமிப் பார்த்தேன், மூக்கை நக்கிவிட்டது.

அக்காவுக்கு இதெல்லாம் கூடுதல் சுமை. கூடை கனத்துக்கொண்டே போனது. பூச்சி மருந்து கொடுத்த மறுநாள் வெளியே வந்ததைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் அந்த வீட்டில் சேமியா செய்யவில்லை. காதுக்குள் உண்ணி ஏறியது. இழை பிரிக்கிற விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி சீமெண்ணெய் டப்பாவில் போட்டாங்க. வேலைக்கு நடுவில் எழுந்து அதற்குத் தண்ணீர், அதை வெளியே தூக்கிப்போய் ஒண்ணுக்கு, திரும்ப வந்து விட்ட இடத்தில் இழை தேடல். "படவேட்டுல எங்க தங்கச்சி ஆதிலட்சுமி வூட்டுக்கு அனுப்பிடலாம், வாழத் தோப்புல கெடக்கட்டும்" என்று மாமா சொல்லும்போதெல்லாம் அக்கா, "ம், அனுப்பிடு, எனக்கும் பேஜாராத்தான் கீது" என்பாங்க. ஆனால் அதற்கென்று ஒரு நாள் குறிக்கச் சொன்னால், அன்றைக்கு ஏதாவது ஒரு ஊசி போட வேண்டியிருக்கும்.

தீபாவளி நெருங்கியது. ஆரணியில் அந்த மாசம் யாரும் தூங்க மாட்டார்கள். சுபலட்சுமி வீட்டில் மூன்று தறி, கல்யாணச் சேலை ஆர்டரும் சேர்ந்து வந்திருந்தது. அரக்குக் கலர் பாவு. அக்கா பகல் பூராவும் அங்கே குனிந்திருந்தாங்க. முதலாளிக்கு அப்போது மூன்றரை மாதம், பால்பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற நேரம். ஈறு ஊறும் போல. செருப்பு, விளக்குமாறு, மாமாவின் ஆட்டோ சீட்டு, எதைப் பார்த்தாலும் மெல்லும்.

பாவில் அறுந்து தொங்கும் நீள நீள இழைகளை அக்கா எறிய மாட்டாங்க. விரலில் சுருட்டிப் பந்து மாதிரி செய்து சுவரோரமாகப் போட்டு வைப்பாங்க, பின்னால் நெய்யும்போது அறுந்தால் ஒட்டுப் போட ஆகும் என்று. பட்டுப் பாவுக்குக் கஞ்சி போடுவது வழக்கம். காய்ந்தாலும் அதில் சோற்று வாசனை போகாது. முதலாளிக்கு அது சாப்பாடு மாதிரி தெரிந்திருக்கணும். எப்போது விழுங்கியது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் காலையில் தனக்கு வைத்த கஞ்சியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மஞ்சளாக வாந்தி எடுத்தது. தெருவில் ஆளுக்கொரு மருத்துவர்.

"பார்வோதான். எங்க மச்சான் நாய் இப்டித்தான் செத்துச்சி."

"ஊசி போட்டாச்சிப்பா."

"கண்ணு பட்டிருக்கும். கூடைல வெச்சி ஊரெல்லாம் காட்டுனா?"

அக்காவுக்குப் பாதிப் பாவு காத்துக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் முடித்துவிட்டு டாக்டரிடம் போகலாம் என்று கூடையோடு சுபலட்சுமி வீட்டுக்கே போய்விட்டாங்க. அங்கே அது முதுகை வளைத்துக்கொண்டு, வயிறு தரையில் படாமல் நின்றது. படுக்கவும் முடியவில்லை. சுபலட்சுமியின் பேத்தி பிஸ்கட் நீட்டினாள், பார்க்கக்கூட இல்லை. வாலுக்கடியில் ஈரமாக இருந்ததைத் துடைக்க அக்கா வாலைத் தூக்கினாங்க.

பூச்சிதான் என்று முதலில் நினைத்தாங்களாம். அரக்குக் கலரில் பூச்சி கிடையாது. அது பட்டு. ஒரு விரல் நீளத்துக்கு முனை வெளியே நின்றது.

விரல் போய்விட்டது. இத்தனை வருஷமாக எந்த நூல் முனையைப் பார்த்தாலும் போகிற விரல். பிடித்து, முறுக்கு விடாமல், பதமாக இழுத்தது. வந்தது. சாண் நீளம் வந்தது. அப்பாடா, எல்லாம் இப்படியே வந்துவிடும் என்று அக்கா இன்னும் கொஞ்சம் இழுத்தாங்க. இன்னொரு சாண். அதற்கு மேல் நின்றுவிட்டது. முதலாளி திரும்பி அக்காவின் மணிக்கட்டைக் கவ்வியது. இந்த முறை விளையாட்டு இல்லை, ரத்தம் வந்தது. அக்கா ஐயோ சொல்லவில்லை. கையை எடுத்துவிட்டாங்க.

"இன்னாடி ஆச்சி?" என்று சுபலட்சுமி சமையலறையிலிருந்து வந்தாங்க.

"பட்ட முழுங்கிட்டான். உள்ள சிக்கிகினு கீது."

"இன்னா கலரு? எங்குளுதா?"

அக்கா பாவைப் பார்த்தாங்க, நாயைப் பார்த்தாங்க. எழுந்து கையைக் கூடக் கழுவாமல் கூடையைத் தூக்கினாங்க.

"ஏய், எங்க போற? பாதிப் பாவு தொங்குது. சாயங்காலம் தறி ஓடணும். நாய அப்டி ஓரமா போட்டு வேலய முடிச்சிட்டுப் போ."

"ஓரமாத்தான் போட்டிருந்தேன்க்கா. அங்கதான் துன்னுச்சி."

பாவைப் பாதியில் விட்டுவிட்டுப் பூங்காவனக்கா எழுந்து போனது ஆரணியில் அதுதான் முதல் தடவை. சுபலட்சுமி தெருமுனை வரை பின்னாலேயே வந்து திட்டினாங்க. அக்கா திரும்பவில்லை, போனில் மாமாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாங்க.

மாமா பழைய பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தார். எல்லாரையும் இறங்கச் சொன்னார். இறங்கினார்கள், திட்டிக்கொண்டே. ஒரு பெரியம்மா மட்டும் மூட்டையோடு நடுவில் உட்கார்ந்து, "நான் எறங்க மாட்டேன், முட்டி வலி" என்றது. அந்தப் பெரியம்மாவும் மூட்டையும் சேர்ந்துதான் நாயை ஏற்ற வந்தார்கள். வழியெல்லாம் அது, "ஒரு கரண்டி வெளக்கெண்ண ஊத்து, சர்ருனு வந்துடும்" என்றது.

"ஆயா, கம்முனு வாயேன்," என்றார் மாமா.

"நாய்க்குச் சொன்னேன்பா, உனுக்கா ஊத்தப் போறேன்?"

அக்கா கூடையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாங்களாம். கூடையைப் பிடிக்கக்கூட இல்லை. ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் முழங்காலால் அணைத்துக்கொண்டாங்க.

காவ்யா டாக்டர் வாலைப் பார்க்கவில்லை. முதலில் வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கினார். அடிநாக்கில் அரக்கு இழை ஒரு சுற்று சுற்றி, சதைக்குள் இறங்கியிருந்தது.

"ஒரு முனை இங்க மாட்டிக்கிச்சு. இன்னொரு முனை அந்தப் பக்கம். பாவாடை நாடாவை இழுத்தா துணி சுருங்குதில்ல? குடல் அப்படிச் சுருங்கிக் கிடக்கும்." பிறகு கேட்டார். "இழுத்தீங்களா?"

அக்கா கையை இன்னும் இறுக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாங்க.

"அம்மா, திட்டறதுக்குக் கேக்கல. எவ்ளோ இழுத்தீங்கன்னு எனக்குத் தெரியணும்."

அக்கா கையை வெளியே எடுத்து, காற்றில் விரித்து ஒரு முழம் காட்டினாங்க. "தானா போயிடுச்சிங்க கை."

"இந்த மாதிரி நூல் வெளிய தெரிஞ்சா இழுக்கவே கூடாது. நூல் நகராது, குடலத்தான் அறுக்கும்."

பட்டு அறுக்குமா என்று மாமா கேட்கப் போனார். அக்கா தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அங்கே பட்டு அறுத்த தழும்பு கோடு கோடாக இருந்தது.

"நீங்க இழுக்கலைன்னாலும் ஆபரேஷன்தான். தெறந்து பாத்தாத்தான் உள்ள என்ன ஆயிருக்குன்னு தெரியும். பொழைக்கும்னு இப்ப சொல்ல மாட்டேன். சரிங்களா?"

"சரிங்க," என்றாங்க அக்கா. அப்புறம், "அதுக்கு வலிக்காதில்ல?"

"மயக்க ஊசி போட்டுடுவேன்."

வெளியே பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அக்கா, மாமா, முட்டி வலிப் பெரியம்மா. போக வேண்டியவள் ஏன் போகவில்லை என்று மாமா கேட்டதற்கு, "கடசில இன்னா ஆச்சின்னு தெரியாம எப்டிப் போறது, ராத்திரி தூக்கம் வராது" என்றதாம். நானும் அந்தப் பக்கமாக ஒரு வேலையாகப் போனேன். என்ன வேலை என்று இப்போது ஞாபகம் இல்லை.

சுபலட்சுமியிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. அக்கா ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தாங்க, எடுக்கவில்லை. "போறதுன்னா போ, நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா. "நீ போய் ஆட்டோ ஓட்டு" என்றாங்க அக்கா. இரண்டு பேரும் போகவில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது ஒரு ஸ்டீல் தட்டில் அந்தப் பட்டு இருந்தது. நனைந்து, கசங்கி, ஒரு கொத்து. அக்கா அதைத் தொடவில்லை.

"ரெண்டு எடத்துல தெறந்து எடுத்தேன். ஒரு எடத்துல நூல் அறுத்திருந்துச்சு. அந்தத் துண்ட வெட்டி எடுத்துட்டு ரெண்டு முனையையும் சேத்துத் தெச்சிருக்கேன்."

"ஒட்டு நிக்குமாங்க?" என்று அக்கா கேட்டாங்க. அந்தக் கேள்வியை அவங்க கேட்ட விதம் ஒரு கைவேலைக்காரி இன்னொரு கைவேலைக்காரியிடம் கேட்டது மாதிரி இருந்தது என்று மாமா சொன்னார்.

"அதான் தெரியணும். அஞ்சு நாள் வரைக்கும் பயம் உண்டு. ஒட்டு விட்டா வயிறு வீங்கும், காய்ச்சல் வரும், மறுபடி வாந்தி எடுக்கும். உடனே தூக்கிக்கினு ஓடி வாங்க. விடலைன்னா கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடும், தானா வெளிக்குப் போகும். வெளிக்குப் போயிடுச்சுன்னா எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க. அதுதான் எனக்கு நல்ல சேதி."

முதல் இரண்டு நாள் க்ளினிக்கிலேயே குளுக்கோஸ் ஏறியது. அக்கா காலையில் போய் சாயங்காலம் வரை பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாங்க. பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தையலை நக்காமலிருக்க மாமா ஒரு பெயிண்ட் பக்கெட்டின் அடியை வெட்டிக் கழுத்தில் மாட்டினார். அந்தக் கோலத்தில் முதலாளி சுவரில் மோதி மோதி நடந்தார். நான் அதைப் பார்த்துச் சிரிக்க நினைத்தேன். வரவில்லை.

அக்கா அதைத் தொடாமலே பார்த்துக்கொண்டாங்க. இதைத்தான் எங்கம்மாவால் தாங்க முடியவில்லை. மருந்தை மாமா ஊற்றணும், துடைப்பதை மாமா துடைக்கணும். அக்கா ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, அதன் வயிறு ஏறி இறங்குவதையே பார்ப்பாங்க.

"தொடேன்க்கா. உன்னத்தான் தேடுது," என்றாங்க எங்கம்மா.

"வேணாம். என் கைக்கு அறிவு கெடையாது."

"பெத்த புள்ள மாதிரி வளத்துட்டு இப்டிப் பேசற?"

"புள்ளயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாய்தான்." கொஞ்சம் கழித்து, "நாய்ன்றதால நாம இன்னா பண்ணாலும் அது ஒண்ணும் சொல்லாது. அதான் பேஜாரு."

ஹேமநாத் வீடியோ காலில் வந்தான். "அம்மா, உனக்குத் தொல்லயாப் போச்சி. நான் வந்து எங்கயாச்சும் குடுத்துட்றேன்."

மாமா போனைப் பிடுங்கினார். "நீ வந்தா பைக்க எடுத்துகினு போ. மத்ததுல தலயிடாத." அதற்கப்புறம் படவேடு என்ற பேச்சே அந்த வீட்டில் வரவில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் சொன்னபடி இரண்டு ஸ்பூன் கஞ்சித் தண்ணீர் குடித்தது. கக்கவில்லை. ஆனால் வெளிக்குப் போகவில்லை. நாலாம் நாளும் இல்லை. தெருவே அந்த நாயின் பின்பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்தது. பால் வாங்க வருகிறவர்கள் "ஆச்சா?" என்று கேட்டார்கள். தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார்கள். அக்கா தலையை ஆட்டினாங்க, இல்லை என்று. அவங்க கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புக் குழி விழுந்திருந்தது. வயிறு வீங்கிய மாதிரி இருக்கிறதா என்று ஒருமணிக்கொருதரம் மாமாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாங்க. "அப்டியேதான் கீது" என்பார் மாமா. "சரியாப் பாரு," என்பாங்க. "அப்டியேதான்டி கீது."

ஐந்தாம் நாள் காலை வெயில் ஏறின பிறகு மாமா அதை வாசலில் இறக்கிவிட்டார். பக்கெட்டோடு இரண்டு சுற்று சுற்றியது. நின்றது. முதுகை வளைத்தது. அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாங்க, அந்த வளைவு பழைய வளைவு மாதிரி இருந்ததால். முதலாளி முக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, ரொம்பப் பொறுப்பாக முக்கினார். கடைசியில் ஒரு சிறிய, கறுத்த, கெட்டியான ஒன்று விழுந்தது.

முதலாளி திரும்பி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பக்கெட் தரையில் இடிக்க, வாலை ஆட்டியது.

மாமா ஓடிப்போய்க் குனிந்து குனிந்து போட்டோ எடுத்தார். கை பதறி, அதை டாக்டருக்கு அனுப்புவதற்குப் பதிலாக ஆட்டோ ஸ்டாண்ட் குரூப்பில் போட்டுவிட்டார். "காலை வணக்கம் அண்ணே" என்று ஒருவர் கும்பிடு போட்டார். "இன்னாது இது, நம்ம ஸ்டாண்ட் டீக்கட வடயா?" என்று இன்னொருவர். பிறகு சரியான இடத்துக்கு அனுப்பி, டாக்டரிடமிருந்து பதில் வர ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. வந்ததும் மாமா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நல்லா இருக்கு. ஒட்டு பிடிச்சிடுச்சு. பயம் இல்ல."

அக்கா, "சரி," என்றாங்க. அவ்வளவுதான். முதலாளி வந்து அவங்க காலில் பக்கெட்டை இடித்தது. குனிந்து, ரொம்ப நேரம் யோசித்து, ஒரு கையை அதன் முதுகில் வைத்தாங்க. வைத்துக்கொண்டே, "எனக்கு இப்ப தூக்கம் வருது" என்றாங்க, யாரிடமோ புகார் சொல்கிற மாதிரி. உள்ளே போய்ப் பாயை விரிக்காமல் வெறும் தரையில் படுத்தாங்க. நாயும் பின்னாலேயே போனது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. மாமா எடுத்தார்.

"சொல்லுங்க சுபலட்சுமி… இல்ல, அவ தூங்கறா… தெரியாது, எப்ப எழுந்துக்குவான்னு எனக்கு இன்னா தெரியும்?… வேற ஆள வெச்சி முடிச்சிட்டீங்களா, சந்தோசம்… ஆமா, நாய் நல்லா கீது. இல்லங்க, எழுப்ப மாட்டேன்."

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆட்டோவை எடுக்கவில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். அப்போது குப்பை வண்டி தன் பாட்டை அலறவிட்டுக்கொண்டு தெருவில் திரும்பியது. மாமா எழுந்து நடுரோட்டுக்கு ஓடி, இரண்டு கையையும் விரித்து வண்டியை மறித்தார்.

"பாட்ட நிறுத்துப்பா. வூட்ல தூங்கறாங்க."

"யாரு, கொழந்தயாண்ணே?"

மாமா ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல," என்றார். "என் வூட்டுக்காரி."